உப்புக்கொடிக்கு மானம் இரண்டு

பச்சை மசியில் எழுதிய நான்கு தாள்கள். பெரம்பலூரில் என் மச்சான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மிக்சர் கிண்ணத்துக்கும் பத்துமுகப் பகடைகளுக்கும் நடுவே அவர் அவற்றைப் பரப்பி வைத்திருந்தார். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவர், அதனால் கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது. ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரு கொடி வரைந்திருந்தது: நெருப்புக்கொடி, மூங்கில்கொடி, பனிக்கொடி, உப்புக்கொடி. அதற்குக் கீழே அந்தக் கொடியைச் சேர்ந்த சாமுராய் வீரனுக்கு வாள்வீச்சு எத்தனை, மந்திரம் எத்தனை, மானம் எத்தனை என்று எண்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று அரியலூரில் என் அப்பா சொல்லி அன்றோடு மூன்று வாரம் ஆகியிருந்தது.

இது இரண்டாயிரத்து மூன்று வாக்கில் நடந்தது. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். பெங்களூரில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது பிடித்த பழக்கம் அவருக்கு இந்த விளையாட்டு. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக மாறி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்கிறவர் எப்போதும் மச்சான். ஆடுகிறவர்கள் மூன்று பேர்: நான், பாங்கில் வேலை பார்த்த கேஷியர், பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். அதற்கு முன் ஒரு வருடமாகக் கடற்கொள்ளைக் கதை ஒன்றை ஆடி முடித்திருந்தோம். இனி சாமுராய், மாயமந்திரம், பனிமலை என்று மச்சான் அறிவித்திருந்தார். முதல் வேலை, யார் எந்தப் பக்கம் என்று தேர்ந்தெடுப்பது. முதலில் அவர் 'குலம்' என்றுதான் எழுதியிருந்தார். "சார், குலத்தத் தேர்ந்தெடுன்னா நம்ம ஊர்ல வேற அர்த்தம் ஆயிடும், அடிச்சிட்டு வேற எதாச்சும் போடுங்க" என்று கேஷியர் சொன்னதால் அது கொடி ஆனது.

வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மச்சானின் தம்பி வீடு கட்டிக் குடிபோனார். அந்தக் கிரகப்பிரவேசப் பத்திரிகையை எங்கள் வீட்டுக்கு யாரும் நேரில் கொண்டுவரவில்லை. அரியலூர் பக்கம் வந்த ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். வெற்றிலை பாக்குத் தட்டோடு சம்பந்தி வீட்டுக்கு வந்து அழைக்காத விசேஷத்துக்கு என் அப்பா எப்படிப் போவார்? போகவில்லை. விசேஷத்தன்று என் அக்கா தன் புருஷனிடம் நியாயம் கேட்டிருக்கிறாள். வேலை மும்முரத்தில் மச்சான், "வர்றவங்க வரட்டும், வராதவங்கள நான் என்ன பண்றது" என்று சொல்லிவிட்டார். மறுநாளே அக்கா பெட்டியோடு அரியலூர் பஸ் ஏறிவிட்டாள். அப்புறம் வழக்கமான கதைதான். "அவங்களா வந்து கூப்பிடட்டும், நாமளா கொண்டுபோயி விட்டா நாளைக்கு எவன் மதிப்பான்" என்று எங்கள் அப்பா. "தானா போனவளுக்குத் தானா வரத் தெரியாதா" என்று மச்சானின் அம்மா. நடுவில் என் அக்கா, தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்துபோவாள்.

நான் அப்பா பக்கம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இருபத்து நாலு வயதில், சிமெண்ட் ஆலை லேபில் வேலை கிடைத்த கையோடு, உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று திரிந்த காலம் அது. ஆனால் விளையாட்டை விடவும் மனசில்லை. ஆலையில் கூடுதல் வேலை இருக்கிறது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் பெரம்பலூர் பஸ் ஏறினேன். குடும்பம் வேறு, விளையாட்டு வேறு என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். மச்சான் கதவைத் திறந்தார். "வாங்க மாப்ள" என்றார். அக்காவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டீ அவரே போட்டார். பாகு மாதிரி இனித்தது. கழுவாத பாத்திரம் சமையலறைத் தொட்டியில் குழாய் உயரத்துக்கு நின்றது.

தாள்களைப் படித்தோம். பனிக்கொடிக்கு மானம் ஒன்பது, உப்புக்கொடிக்கு இரண்டு. பனிக்கொடிக்காரனைக் கண்டால் அரசனே எழுந்து நிற்பான். ஆனால் அவன் தனக்குச் சமமானவனிடம் முதலில் வாய் திறந்தால் மானம் குறையும், அழைக்காத வாசலுக்குள் நுழைந்தால் இன்னும் குறையும். உப்புக்கொடிக்காரர்கள் கடலோரத்தில் காவல் இருக்கிற எளிய ஜனம். யாரிடமும் முதலில் பேசலாம், எந்த வாசலிலும் போய் நிற்கலாம். அவர்களை யாரும் மதிப்பதுமில்லை. நான் பனிக்கொடியை எடுத்தேன். கேஷியரும் அதையே எடுத்தார். டிராயிங் மாஸ்டர் எல்லாத் தாளையும் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "நமக்கும் அதான் சார்" என்றார். ஆளுக்கொரு கொடி எடுத்தால்தான் கதை ஓடும் என்று மச்சானுக்குத் தெரியும். வற்புறுத்தியிருக்கலாம். மானம் இரண்டு உள்ளதை நீ எடுத்துக்கொள் என்று வந்தவரிடம் எப்படிச் சொல்வது? மூன்று பேருக்கும் பனிக்கொடி என்றே எழுதிக்கொண்டார்.

கதை தொடங்கியது. மலைக்கணவாய் வழியாகப் பேய்ப்படை ஒன்று வருகிறது. அந்தச் செய்தியைக் கோட்டைத் தலைவனிடம் சொல்லப் போகிறோம். கோட்டைத் தலைவன் யார்? அவனும் பனிக்கொடி, அவனுக்கும் மானம் ஒன்பது. கதவு திறந்திருக்கிறது. அவன் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நிற்கிறோம். "அவர் கூப்பிடட்டும்" என்றேன் நான். "அவர் கூப்பிட மாட்டாரு, நீங்கதான் வந்திருக்கீங்க" என்றார் கோட்டைத் தலைவனாக இருந்த மச்சான். கேஷியர் இருமிப் பார்க்கிறேன் என்றார். பகடை உருட்டினார், இருமல் உள்ளே கேட்டது. கோட்டைத் தலைவன் திரும்பவில்லை. டிராயிங் மாஸ்டர் பக்கத்தில் நிற்கிற குதிரையிடம் செய்தியைச் சத்தமாகச் சொல்லப்போவதாகச் சொன்னார். அது மானக்கேடு என்று நானே தடுத்தேன். இப்படியே முக்கால் மணி நேரம் போனது. பேய்ப்படை கணவாயைத் தாண்டிவிட்டது. எங்கள் தோளில் முழங்கை அளவு பனி விழுந்துவிட்டது என்று மச்சான் சொன்னார். ஒருத்தரும் அசையவில்லை.

டிராயிங் மாஸ்டருக்குத்தான் சிரிப்பு வந்தது. "ஏன் சார், இது என்ன பொண்ணு வூட்டுக்காரங்களும் மாப்ள வூட்டுக்காரங்களும் மாதிரி…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். விஷயம் அவருக்கும் தெரியும். டீ டம்ளருக்குள் எதையோ தேடுகிறவர்போல் பார்த்தார். மச்சான் பகடைகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். ஐந்து பகடைதான், அதை மூன்று தடவை அடுக்கினார். இந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது.

உப்புக்கொடித் தாளை இழுத்து என் முன்னால் வைத்துக்கொண்டேன். "கொடிய மாத்திக்கிறேன் மச்சான்" என்றேன்.

"மாத்துனா திரும்பப் பனிக்கொடிக்கு வர முடியாது மாப்ள. உங்க ஆளுங்களே உங்கள சேத்துக்க மாட்டாங்க. ரூல்ல இருக்கு."

"பரவால்ல. மாத்துங்க."

அவர் என் பனிக்கொடித் தாளில் குறுக்கே கோடு போட்டார். அப்போதும் ஸ்கேல் வைத்துத்தான் போட்டார். நான் எழுந்து நின்றேன். பேய்ப்படை வருகிறது என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். "அக்கா சரியா சாப்பிடறதில்ல மச்சான். வாங்க, போயி கூட்டியாந்துடுவோம்" என்றுதான் வந்தது.

"உங்க அப்பா கூப்பிடலியே?"

"அவரு கூப்பிட மாட்டாரு. நான் கூப்பிடறேன்."

மச்சான் எழுந்து உள்ளே போனார். கேஷியரும் மாஸ்டரும் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டினார்கள். நான் மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இனி அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அப்போதுதான் வந்தது. சட்டை மாற்றிக்கொண்டு மச்சான் வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் வாங்கினார். அரியலூர் வருகிறவரை ஜன்னல் வழியாகச் சுண்ணாம்புக்கல் லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் போய் நின்றபோது மணி நாலு. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மச்சானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி அம்மாவிடம், "யாரோ வந்துருக்காங்க பாரு, தண்ணி குடு" என்றார். மச்சான் செருப்பைக் கழற்றினார். "பத்திரிகைய நான்தான் நேர்ல கொண்டாந்திருக்கணும் மாமா. தப்புதான்" என்று பழத்தையும் வெற்றிலையையும் நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அக்கா பெட்டியோடு வெளியே வந்து நின்றாள். என்னோடு மட்டும் அப்பா எட்டு நாள் பேசவில்லை.

இந்தக் கதையை இருபது வருடமாக நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். கல்யாண வீட்டில் சொல்வேன், ஆலையில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்வேன். கொடியை மாற்றி ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்தவன் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. இப்போது மச்சான் வீட்டு மேசையில் அவர்கள் மகளும் அவள் சிநேகிதிகளும் ஆடுகிறார்கள். போன மாதம் அந்தப் பெண்கள் கொடி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, நான் வழக்கம்போலக் கதையை ஆரம்பித்து, அக்கா இரண்டே நிமிஷத்தில் பெட்டி கட்டிய வேகத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்தேன். பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

"ரெண்டு நிமிஷத்துல எவடா பொட்டி கட்டுவா? அன்னிக்குக் காலையிலயே கட்டி வெச்சிட்டேன். அஞ்சு மணி பஸ்ஸுக்கு நானே கெளம்பறதா இருந்தேன்."

"யாரும் கூப்பிடாமயா?"

"என் வூட்டுக்குப் போவ என்ன யாரு கூப்பிடணும்?"

"அப்ப இத்தன வருஷமா ஏன்க்கா சொல்லல?"

அக்கா பீன்ஸ் நாரைக் கிள்ளிப் போட்டாள். "நீ அவ்ளோ பெருமையா வந்து நின்ன. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."