லமியத் அக்காவின் பம்பளிமாஸ் தோல்

நக்கோன் சைசி ஆற்றங்கரையில் பம்பளிமாஸ் தோப்பு வைத்திருக்கும் எங்களுக்கு எதையும் வீசியெறிய மனம் வராது. சுளையை விற்போம். தோலின் வெள்ளைச் சதையைக் கசப்புப் போகப் பிழிந்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து வெயிலில் காயவைப்போம். அதில் என் அக்கா லமியத்தை மிஞ்ச ஆளில்லை. வாயும் அவளுக்குத்தான் நீளம். அத்தான் பிரயூனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோது, "என்னுதை எடுத்துக்கோங்க டாக்டர். இந்த மனுஷனுக்கு வேற எவ குடுப்பா?" என்று பாங்காக் மருத்துவமனையே அதிரக் கேட்டவள்.

அக்காவின் சிறுநீரகம் அத்தானுக்குள் நன்றாகவே வேலை செய்தது. டாக்டர் சிரியா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: பம்பளிமாஸ் கூடவே கூடாது, சாப்பிட்டால், புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமலிருக்கப் போடும் மாத்திரையின் வேகம் ரத்தத்தில் தாறுமாறாக ஏறிவிடும். அன்றிலிருந்து அத்தானைத் தோப்புப் பக்கமே அக்கா விடவில்லை.

"சுளையைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்."

"ஒடிச்சா அதுக்கும் உன் கையையே குடுப்பியா?" என்பார் அத்தான்.

மழைக்காலம் தொடங்கியதும் அவர் உடம்பு அடிபடாமலேயே நீலம் நீலமாகக் கன்றியது. சிறுநீர் கறுத்துப்போனது. பதறிப்போய் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் சிரியாவின் முகமே மாறிவிட்டது. "பொடிப் பொடி ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சுக்கிட்டே இருக்கு. ரொம்ப அரிதா வர்றது இது. புதுச் சிறுநீரகம் அடைபடுது. நிறுத்தலேன்னா இவரையே காப்பாத்துறது கஷ்டம்மா."

அக்கா தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மாத்திரையோட அளவு ரத்தத்துல எக்கச்சக்கமா இருக்கு. பம்பளிமாஸ் சாப்பிட்டீங்களா?"

அத்தான் முந்திக்கொண்டார். "ஆமா டாக்டர். இவளுக்குத் தெரியாம தோப்புல பறிச்சுத் தின்னேன்."

அக்கா அவரை வெறித்துப் பார்த்தாள். நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தவளுக்குத் தெரியாதா? இந்த மனுஷன் யாருக்காகப் பொய் சொல்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பையிலிருந்து, பாகில் ஊறிய தோல் இருந்த தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

"பொய் சொல்றாரு டாக்டர். வாய் கசக்குதுன்னு மாத்திரை போட்டதும் இதை நான்தான் ஊட்டுவேன். இன்னிக்குக் காலையிலகூட ஊட்டினேன். சுளைதானே கூடாதுன்னு... தோலுமா டாக்டர்?"

"தோலும்தாம்மா. நானும் பிரிச்சுச் சொல்லியிருக்கணும்." டாக்டர் டப்பாவை மூடித் தன்னிடமே வைத்துக்கொண்டார். "இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா இப்பவாவது சொன்னீங்களே."

பழைய மாத்திரையை நிறுத்தினார்கள். அத்தானின் ரத்தத்தைக் குழாய் வழியே இயந்திரத்துக்குள் இழுத்து, அதிலிருந்த பிளாஸ்மாவைப் பிரித்துக் கொட்டிவிட்டு, யார் யாரோ தானம் செய்த பிளாஸ்மாவை ஏற்றினார்கள். அவருக்கு உதடு மரத்தது, குளிர் உலுக்கியது. மறுநாளும் அதே. இயந்திரம் கூவும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"எவனோ தைரியசாலியோடது ஏறுது. இனிமே உனக்குப் பயப்பட மாட்டேன்," என்றார் அத்தான், பல் கிட்டிக்க. அக்கா சிரிக்கவில்லை. "நான் குடுத்ததை நானே கெடுத்துட்டேன்டி," என்று என் காதில் மட்டும் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில்தான் சிறுநீர் தெளிந்தது. "ஆபத்து போயிடுச்சுன்னு இன்னும் சொல்ல மாட்டேன். ஆனா உறையறது நின்னிருக்கு," என்றார் டாக்டர் சிரியா.

நர்ஸ் வேறு மாத்திரை கொண்டுவந்தாள். அத்தான் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, வழக்கம்போல அக்கா பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

அக்காவின் கை பைக்குள் போய்விட்டது. உள்ளே டப்பா இல்லை.

"வாயை மூடுங்க," என்றாள். அதட்ட வரவில்லை. வெறுங்கையால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.