மீன் வரும்வரை ஜெபக் குறிப்பு

ஓய்வு நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதுதான் இன்றைய பிரசங்கம்.

ஆராதனை முடிந்ததும் சபைச் சகோதரிகள் ஐந்து பேர் கடலோர உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிடப் போனோம். மீன் வருவதற்குள் பெம்பானில் இருக்கும் எங்கள் சபை ரோஸ்லின் அக்காவின் பேச்சு வந்துவிட்டது. கணவன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து அவர் ஆலயத்துக்கு வருவதில்லை.

அவன் யாரோடு போனான், அக்கா எப்படிக் கத்தினார், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன கேட்டார்கள், எல்லாம் மேசைக்கு வந்தது. நடுநடுவே பெண்கள் ஐக்கியத் தலைவி, “ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்லா” என்றார்.

நான் தலைவியிடம் கேட்டேன்.

“காருதான் இருக்கே ஆன்ட்டி, அப்படியே பெம்பானுக்குப் போயி அக்காவப் பாத்துட்டு வரலாமா?”

“இன்னிக்கி எங்கமா நேரம்? வீட்ல வேல கெடக்கு” என்றவர், கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு தட்டு சோத்தோங் கணவாய் சொன்னார்.

எழுந்து, வாடகைக் கார் பிடித்து நான் மட்டும் பெம்பானுக்குப் போனேன்.

அக்கா கதவைப் பாதிதான் திறந்தார். “என்னா கேட்டுட்டு வரச் சொன்னாங்க?”

இந்நேரம் உம்பாயில் எனக்காகவும் ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் சபையில் இது மீனோடு நடக்கிறதா, மீன் இல்லாமலா?