நான்காவது படியின் முடிச்சு

கோனுப் புயல் ஓமனைப் புரட்டிப் போட்டு, ஃபுஜைராவில் கடல் ரோட்டுக்கு ஏறி வந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கலாம். அது ஓய்ந்து ஆறாவது வெள்ளிக்கிழமை, துபாய் அல் கூஸ் லேபர் கேம்ப்பில், ஒரு கயிற்று வளையத்தின் முடிச்சை அவிழ்த்து, பாரம் தாங்காதபடி திரும்பக் கட்டி வைத்தேன். மறுநாள் அந்த வளையத்தில் கால் வைத்த செல்வராசு பேரீச்சை மரத்தின் உச்சியிலிருந்து விழுந்தான்.

நான்தான் செய்தேன். வேறு யாரும் இல்லை.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இந்த வரிகளை எழுதிவிட்டு அவள் என்னையே பார்க்கிறாள்... எழுதும்மா. நிறுத்தாதே. நிறுத்தினால் நான் திரும்பப் பேசமாட்டேன்.

துபாயில் ஒரு தோட்டக் கம்பெனியில் மரமேறியாக இருந்தேன். உடன்குடிப் பக்கத்து ஆள் நான், பனையில் பழகிய கால். பேரீச்சை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. செல்வராசு ஜெயங்கொண்டம் பக்கம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். மரமேற்றம் இங்கே வந்துதான் கற்றுக்கொண்டான். ஒரே ரூம். எனக்குக் கீழ்க்கட்டில், அவனுக்கு மேல்கட்டில். இரண்டு வருடம் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டோம்.

ஜுமைராவில் ஒரு வில்லாவில் ஒரு கனடாக்காரர் குடியிருந்தார். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். நான் ஒற்றைக் கயிற்றோடு ஏறுவதைப் பார்த்து அவருக்குப் படபடப்பு வந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் ஒரு பையைக் கொண்டுவந்து என் காலடியில் கொட்டினார்.

என்னென்ன இருந்தன தெரியுமா? உள்ளங்கை அகலத்தில் நாலு இரும்புப் படிகள். மரத்தைக் கவ்வப் பல் வைத்தவை. ஒவ்வொன்றையும் மரத்தோடு சேர்த்து இறுக்க ஒரு பட்டை. ஒவ்வொரு படியிலிருந்தும் நாடாக் கயிறு தொங்கும். அதில் கால் நுழைக்க மேலும் கீழுமாக இரண்டு வளையம். வளையத்தில் ஏறி, படியில் நின்று, அடுத்த படியை மேலே கட்ட வேண்டும். அப்படி நாலு படியில் உச்சிக்குப் போய்விடலாம். உட்கார்ந்து தொங்க ஒரு இடுப்புப் பட்டை, மரத்தைச் சுற்றிப் போட இரண்டு கயிறு. ஒன்றை மாட்டாமல் மற்றதைக் கழற்றக் கூடாது என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

அவர் ஊர்க் காட்டில் மான் வேட்டைக்கு இப்படித்தான் மரத்தில் தொங்குவாராம். செல்வராசுக்கு இந்தி கொஞ்சம், இங்கிலீஷ் கொஞ்சம். அவன்தான் எனக்குச் சொன்னான்.

"மான் வர்ற வரைக்கும் எறங்க மாட்டாராம் அண்ணாச்சி. விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் மரத்துலயேதானாம்."

"ஒண்ணுக்கு வந்தா என்னல செய்வாராம்?"

"அதுக்கும் ஒரு பை வச்சிருப்பாரு. கேட்டுச் சொல்லவா?"

சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சந்தேகம். சும்மா ஒருவன் இவ்வளவு பொருளை ஏன் தருகிறான்? பட்டையை இழுத்துப் பார்த்தேன். பல்லைத் தடவிப் பார்த்தேன். ஏதோ இருக்கிறது...

இருந்தது. எங்கள் மலையாளி ஃபோர்மேன் ராகவன் சேட்டன் பையைப் பார்த்ததும் ஒரு கணக்குப் போட்டார். "இது உண்டெங்கில் வில்லா டியூட்டிக்கு ஒரு ஆள் மதி, ஒருத்தன் போதும். யாரு நல்லா ஏறுதோ அவன் வில்லா. மத்தவன் நர்சரி. சனிக்கிழமை நோக்கலாம். கலாஸ், பேச்சு முடிஞ்சு!"

நர்சரி என்றால் ஆடி வெயிலில் உப்பு மண்ணில் குழி வெட்டுவது. இளவட்டங்களே மயங்கி விழும் இடம். எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது.

ஒரு வாரம் பழகினோம். அந்த வளையங்கள் கனடாக்காரரின் நீளக் காலுக்குக் கட்டியவை. எனக்கு எட்டவில்லை. மேல் வளையத்தைத் தேடி என் கால் காற்றில் துழாவும். கீழே நின்ற செல்வராசு கத்துவான்: "அண்ணாச்சி, மரத்துல நீச்சலா அடிக்கிறீங்க?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். அன்றிலிருந்து அவன் செய்வதெல்லாம் எனக்கு வேறாகத் தெரிந்தது. சேட்டனோடு அவன் ஒதுங்கி நின்று பேசினால் என்னைப் பற்றித்தான். எனக்கு முன்னால் எழுந்து குளித்தால் முந்திக்கொள்ளத்தான். சோற்றில் எனக்கு மீனின் நடுத்துண்டை வைத்தானே... அதுகூட ஏதோ காரியத்துக்குத்தான்!

அந்த வெள்ளிக்கிழமை ஷார்ஜா ரோலாவில் ஊர்க்காரர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் ரூமில் இல்லை. நினைத்ததைவிடச் சீக்கிரம் திரும்பிவிட்டேன். கதவைத் திறந்தால், செல்வராசு என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். மடியில் அந்த நாடாக் கயிறுகள். என்னைப் பார்த்ததும் பைக்குள் அள்ளிப் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

"என்னல பண்ணுத?"

"ஒண்ணுமில்லண்ணாச்சி. தூசி தட்டிக்கிட்டிருந்தேன்." ஒரு சிரிப்பு சிரித்தான். அந்தச் சிரிப்பு! இன்றைக்கும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

எங்கள் பக்கம் ஒன்று உண்டு. ஒருவன் ஏறும் கயிற்றை இன்னொருவன் தொடமாட்டான். அண்ணன் தம்பியானாலும் தொடமாட்டான். தொட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆளை விழவைக்கப் பார்க்கிறான். ஜெயங்கொண்டத்துக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் பனையேறி இல்லையே, வயலில் நெல்லுக்கட்டு கட்டிப் பழகியவன்தானே? இதை அன்று நான் யோசித்தேனா?

அவன் முடிவெட்டப் போனதும் பையை எடுத்தேன். வளையங்களின் முடிச்செல்லாம் மாறியிருந்தன. கனடாக்காரர் போட்ட முடிச்சு தட்டையாக இருக்கும். இவை நெல்லுக்கட்டு முடிச்சுகள். கல் மாதிரி இறுகியிருந்தன. என்னை விழவைக்கத்தான் மாற்றியிருக்கிறான் என்று தீர்மானித்தேன். கல் மாதிரி இறுகிய முடிச்சு எப்படி என்னை விழவைக்கும் என்று கேட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை முதலில் ஏறப்போவது அவன், பிறகுதான் நான் என்பதும் உறைக்கவில்லை. தனக்கே எவன் குழி வெட்டுவான்? ஒரு தடவை... ஒரே ஒரு தடவை அந்த வளையத்தை என் காலோடு வைத்து அளந்து பார்த்திருக்கக் கூடாதா?

ஒரு படியின் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். கல் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். கையால் இழுத்தால் நிற்கும், ஆள் ஏறினால் வழுகும் என்கிற அளவுக்குக் கட்டினேன். ஏறும்போது படிகள் இடுப்புப் பட்டையின் வலப்பக்கம் வரிசையாகத் தொங்கும். அந்தப் படியை வலக்கைக்கு முதலில் வரும்படி மாட்டி வைத்தேன். முதல் படி இடுப்புயரத்தில்தான் கட்டுவார்கள். முழங்கால் உயரத்திலிருந்து மணலில் விழுவான். சேட்டன் சிரிப்பார். 'ஒரு முடிச்சுப் போடத் தெரியாதவன்' என்று பெயர் வரும். அவ்வளவுதான்... அவ்வளவுதான் என்று சத்தியமாக நினைத்தேன்.

செல்வராசு இடக்கைக்காரன். இரண்டு வருடமாக அவன் இடக்கையால் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அது எனக்கு மறந்துபோயிற்று.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே வெக்கை. அதே வில்லாதான். கனடாக்காரர் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். செல்வராசு பட்டையைக் கட்டினான். வலப்பக்கம் இருந்த படிகளைத் தன் இடக்கைக்கு வாகாக இடப்பக்கத்துக்குத் திருப்பினான். மறுமுனையிலிருந்து ஒன்றை எடுத்தான்.

என் படி கடைசியில் தொங்கியது.

முதல் படியைக் கட்டினான், ஏறினான். இரண்டாவதைக் கட்டினான். நான் சேட்டனுக்குப் பக்கத்தில் கையில் டீயோடு நிற்கிறேன். மூன்றாவதைக் கட்டினான். ஒரு படி கட்ட எவ்வளவு நேரமாகும்? பட்டையைச் சுற்றி, இறுக்கி, உதைத்துப் பார்க்க... ஒரு பீடி குடித்து முடிக்கலாம். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது!

'இறங்குலே' என்று ஒரு சொல் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார்களே? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே? வாய் திறந்தது. டீயை ஊற்றி மூடினேன். சர்க்கரை தூக்கலான டீ.

முடிச்சை அவிழ்த்ததற்குச் சந்தேகம் காரணம் என்று சொல்லிவிடலாம். டீ குடித்ததற்கு என்ன காரணம் சொல்வேன்? நீங்களே சொல்லுங்கள்.

நான்காவது படியையும் கட்டி, அதன் வளையத்தில் ஏறி நின்றான். காய்ந்த மட்டைக்கட்டைகள் இடித்ததால் சுற்றுக்கயிற்றைக் கழற்றி மேலே போட வேண்டும். இரண்டாவது கயிற்றை மாட்டிய பிறகே கழற்ற வேண்டும். அவன் மாட்டவில்லை. அந்த ஒரு வாரமும் நான் மாட்டியதில்லை. "இவ்வளவு பயந்தவன் மரத்துல ஏன்ல ஏறணும்" என்று அவனிடம் சொன்னதும் நான்தான்.

சுற்றுக்கயிறு கழன்றது. முடிச்சு இரண்டு மூச்சு தாங்கியது.

விழுந்த சத்தத்தைச் சொல்லமாட்டேன். மகள் எழுதுகிறாள்.

சேட்டன் அவனிடம் ஓடினார். நான் எங்கே ஓடினேன்? மரத்துக்கு! என் பழைய கயிற்றோடு ஏறி, அந்த நாலாவது படியைக் கழற்றி, வழுகி நின்ற நாடாவை உருவி நேராக்கினேன். யாரும் சந்தேகப்படவில்லை. உலகத்தையே சந்தேகப்பட்ட என்னை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் பார்க்க விட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"ஒங்க காலு எட்டாம தடவுறத பாத்து மனசு கேக்கலண்ணாச்சி. அதான் எல்லாத்தையும் ஒங்க காலுக்கு எட்டுற மாதிரி மாத்திக் கட்டுனேன். சொல்லாம வச்சிருந்து, ஏறும்போது நீங்களே பாத்து அசரணும்னு நெனச்சேன். நாந்தான் சரியா இறுக்கலபோல. என் முடிச்சுதான் அவுந்திருக்கும்... இல்லண்ணாச்சி?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அவனே கட்டிய முடிச்சு அவிழ்ந்து விழுந்தான் என்று கம்பெனிப் பேப்பரில் எழுதினார்கள். பார்த்த சாட்சியாக என் பெருவிரல் ரேகை அதில் இருக்கிறது.

கனடாக்காரர் தலையைக் குனிந்தபடி வந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வில்லா டியூட்டி எனக்குக் கிடைத்தது. பழையபடி ஒற்றைக் கயிற்றோடுதான் ஏறினேன். எதற்காக அத்தனையும் செய்தேன்?

இரண்டு மாதம் கழித்து அவனை ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு கால் குட்டையாகிவிட்டிருந்தது. ஊருக்குப் போகிறவன் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுவது உங்களுக்குத் தெரியும். தன் பெட்டியைத் தானே கட்டினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். செல்வராசு கயிற்றை என்னிடம் நீட்டினான்.

"நீங்களே கட்டிடுங்கண்ணாச்சி. என் கைய எனக்கே நம்ப முடியல."

கட்டினேன். நாலு பக்கமும் இறுக்கி, அவன் பெயர் எழுதிய பக்கம் மேலே வரும்படி கட்டினேன். அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் பார்த்தான்? அவனுக்குத் தெரிந்திருந்ததா? நெல்லுக்கட்டு கட்டிப் பழகியவனுக்குத் தன் முடிச்சு அவிழாது என்று தெரியாதா? தெரிந்தேதான் ஆஸ்பத்திரியில் அப்படிக் கேட்டானா... என் வாயிலிருந்து வரட்டும் என்று? பாருங்கள், இன்றைக்கும் அவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்! இந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீங்களும் எனக்காகக் கேட்க வேண்டாம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஜெயங்கொண்டம் பக்கம் போகிறவர்கள், துபாயில் மரத்திலிருந்து விழுந்து ஒரு கால் குட்டையான செல்வராசு என்று விசாரியுங்கள். இடக்கைக்காரன். கண்டால், அன்று அவன் கேட்டதற்கு நான் தப்பாகத் தலையாட்டிவிட்டேன் என்று சொல்லுங்கள். அவன் கட்டிய முடிச்சு அவிழவில்லை. அதை அவிழ்க்க எனக்குப் பல் வலித்தது என்று சொல்லுங்கள்.