ஐம்பது பேருக்கு இடம்

தேவிப்பிரியா பயப்படுவதற்குக் காரணம் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ரகம். அரியாங்குப்பம் மெயின்ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஒற்றை அறையில், வெப்சைட் செய்து கொடுக்கும் தொழில் நடத்தினாள். தட்டாஞ்சாவடிக் கம்பெனிகள் நான்கைந்து, கடற்கரைப் பக்கம் தங்கும் விடுதிகள் சில, அவ்வளவுதான் வாடிக்கை. புதிதாக ஒரு சைட்டை இணையத்தில் ஏற்றினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்ப்பாள். திறக்காவிட்டால் பயம். திறந்துவிட்டால், அடுத்த தரம் திறக்குமா என்று பயம்.

இப்படிப்பட்டவளிடம்தான் 2008 ஆவணியில் அமுதவல்லி வந்து ஒரு கல்யாணத்தை ஒப்படைத்தாள்.

அமுதவல்லி வீட்டை ‘சொல்தா வீடு’ என்றால்தான் தெருவில் தெரியும். கணவர் கோவிந்தசாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். மகன் பிரேம்குமாரோடு பாரிஸுக்குப் பக்கத்தில் இருந்தார். மகள் சுமலதாவின் கல்யாணத்துக்குப் பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்த நேரத்தில் நெஞ்சுவலி வந்தது. ஆபரேஷன் முடிந்தது; பிளேனில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியைத் தள்ளலாம் என்று மகள் அழுதாள். என்னால் ஒரு நல்ல காரியம் நின்றது என்று இருக்கக் கூடாது என்று அவர் போனிலேயே சத்தம் போட்டார். அப்புறம் குரல் இறங்கி, தாலி ஏறுவதை மட்டும் பார்க்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டாராம்.

“கல்யாணத்த கம்ப்யூட்டர்ல அப்படியே காட்டுறாங்களாமே பிரியா, உன்னால முடியுமா?” என்றாள் அமுதவல்லி. “முடியாதுன்னா இப்பவே சொல்லிடு கண்ணு. அவருகிட்ட ஆசைய காட்டிட்டு அப்புறம் இல்லன்னு சொல்ல என்னால ஆவாது.”

முடியாது என்று சொல்லத்தான் தேவிப்பிரியா வாயைத் திறந்தாள். “செஞ்சிடலாம்மா” என்று வந்து தொலைந்தது.

முதலில் வீடியோ சாட் போட்டுப் பார்த்தார்கள். அமுதவல்லியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் ஓரிடத்திலும் பேச்சு ஓரிடத்திலும் நின்றது. அது உதவாது. கல்யாணத்துக்கென்று ஒரு சைட் செய்து, அதற்குள் நேரடி வீடியோ ஓடவிடுவது என்று முடிவானது. சைட் செய்வது பெரிய வேலையில்லை. அதை எங்கே குடிவைப்பது என்பதில்தான் அவளுக்குத் தலை சுற்றியது. சென்னைக் கம்பெனி ஒன்று மூன்று வகை வைத்திருந்தது. அமுதவல்லிக்குப் புரியட்டும் என்று வாடகை வீட்டுக் கணக்கில் சொன்னாள்.

“ஒண்ணு லைன் வீடு மாதிரிம்மா. ஒரே சர்வர்ல பல பேரு சைட் இருக்கும், எல்லாத்துக்கும் ஒரே தண்ணித் தொட்டி. ஒரு நேரத்துல அம்பது பேருதான் வீடியோ பாக்கலாம். இன்னொண்ணு அதே கட்டடத்துல தடுத்துக் குடுப்பாங்க, நம்ம குழாய் நமக்கு. மூணாவது தனி வீடு. மொத்த சர்வரும் நம்மளது.”

“தனி வீடே எடுத்துடேன். லைன் வீட்ல தண்ணிக்கு நின்ன கால்வலி எனக்கு இன்னும் போவல.”

அந்தப் பேச்சைத் தேவிப்பிரியா கேட்டிருக்கலாம். ஆனால் தனி சர்வர் என்றால் தானே ராஜா, தானே மந்திரி. முகூர்த்த நேரத்தில் அது படுத்துக்கொண்டால் தட்டி எழுப்பவும் அவள்தான் ஓட வேண்டும், எழுப்பத் தெரியாமல் முழிக்கவும் அவள்தான். தடுத்துக் கொடுப்பதிலும் பாதிப் பராமரிப்பு நம் தலையில். லைன் வீட்டில் எல்லாவற்றையும் கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான். பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர் வீடுகளை அமுதவல்லியை விரல்விட்டு எண்ணச் சொன்னாள். எப்படி எண்ணினாலும் நாற்பதைத் தாண்டவில்லை. ஐம்பது தாராளம். பூட்டு மாதிரி ஒரு பாஸ்வேர்டு போடலாமா என்று பிரேம்குமாரைக் கேட்டபோது, “பெருசுங்களுக்கு அதெல்லாம் அடிக்க வராதுக்கா, வாணாம்” என்றான். அட்ரஸே யாருக்கும் தெரியாதபோது பூட்டு எதற்கு என்று அவளும் விட்டுவிட்டாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டவள் எந்த ஊரில் உட்கார்ந்து போட்டோம் என்பதைத்தான் மறந்துபோனாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை சாயங்காலம். நெல்லித்தோப்பு மண்டபத்துக்கு ஒயர்களை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தாள். முருங்கப்பாக்கத்தில் ஆட்டோ மெதுவானது. அங்கே மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பேனர். மாப்பிள்ளை ஆனந்தராஜ் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு புலியின் மேல் கை வைத்திருந்தார். பக்கத்தில் சுமலதா. கீழே வட்டம் வட்டமாக நண்பர்கள் தலைகள். எல்லோருக்கும் மேலே, மாப்பிள்ளை பெயரைவிடப் பெரிய எழுத்தில், அவள் செய்த வெப்சைட்டின் அட்ரஸ். ‘உலகமெங்கும் நேரடி ஒளிபரப்பு’ என்று சிவப்பில் வேறு.

தேவிப்பிரியா தலையை வெளியே நீட்டி மறுபடி படித்தாள். காது குத்துக்கே பேனர் கட்டுகிற ஊர் இது. இது எப்படி உனக்குத் தோன்றாமல் போனது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆட்டோவிலிருந்தே சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டாள். பெரிய சர்வருக்கு மாற்றலாம், ஆனால் திங்கட்கிழமைதான் ஆகும் என்றான் அங்கிருந்தவன், சாவகாசமாக.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் நண்பன் பாலகுரு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தான். பேனர் அவன் கைவேலைதான்; அட்ரஸை மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கியிருந்தான்.

“தம்பி, அந்த அட்ரஸ அழிச்சிடுப்பா. ஒரு வெள்ளைப் பேப்பராவது ஒட்டிடு.”

“இன்னாக்கா இப்படி சொல்ற? ஊர்ல எவன் கல்யாணத்துல வெப்சைட் இருக்கு? அதானக்கா கெத்தே.”

“அதுல அம்பது பேருக்குத்தான் இடம் இருக்கு. அதுக்கு மேல ஒருத்தரும் உள்ள போவ முடியாது. பொண்ணோட அப்பா பாக்கணும்ப்பா.”

பாலகுரு வேலையை நிறுத்திவிட்டு அக்கறையாகக் கேட்டுக்கொண்டான். “அம்பதுதானா? சரிக்கா, இது தெரியாம போச்சே. நீ போ, நான் பாத்துக்கிறேன்.”

அவன் முகத்தில் தெரிந்த பொறுப்பைப் பார்த்து அவளுக்கு மூச்சு வந்தது. நல்ல பிள்ளை என்று நினைத்தாள். பக்கத்து எஸ்டிடி பூத்திலிருந்து மண்டபத்துக்குள் இணைய ஒயரை இழுத்து, மேடைக்கு இடதுபுறம் ஒரு மேசையில் கம்ப்யூட்டரையும் கேமராவையும் பொருத்தி, பத்துமுறை சோதித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. அவள் ஐந்து மணிக்கே வந்து ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டாள். படம் தெளிவாக ஓடியது. மணமேடையில் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். அமுதவல்லி பட்டுப்புடவையில் இவளைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டாள். எல்லாம் சரி என்று தலையசைத்தாள். அந்த நேரத்தில்தான் செல்போன் அடித்தது.

“அக்கா, உள்ள போவல,” என்றான் பிரேம்குமார். “இடம் இல்ல, அப்புறம் வான்னு வருது. அரை மணியா அடிச்சிட்டே இருக்கேன். அப்பா இந்த ராத்திரிலயும் தலைக்குக் குளிச்சு வேட்டி கட்டிக்கிட்டு உக்காந்திருக்காருக்கா. கையில அட்சதை வெச்சிட்டிருக்காரு.”

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். கம்பெனியின் பக்கத்தைத் திறந்து யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தாள். ஐம்பதும் நிரம்பியிருந்தது. அதில் பிரான்ஸ் என்று ஏழோ எட்டோ இருந்தது. மிச்சம் முழுக்க இந்த ஊர். அந்த வழியாகத் தேங்காய்த் தட்டோடு போன பாலகுருவைக் கூப்பிட்டு, யாரப்பா இத்தனை பேர் என்று கேட்டாள். அவன் முகம் மலர்ந்தது.

“நம்ம பசங்கதான்க்கா. நீ அம்பது பேருக்குத்தான் இடம்னு சொன்ன இல்ல, நேத்தே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். விடியக்காலைலயே பிரௌசிங் சென்டர் பிரௌசிங் சென்டரா போய் இடம் புடிச்சிட்டாங்க. இங்க சாப்பாட்டு ஹால்லகூட ஒரு டிவி போட்டு வுட்டுருக்கோம்.”

“அவங்க எல்லாம் அங்க உக்காந்து பாக்குறாங்களா?”

“சேச்சே, எல்லாரும் இங்க இட்லி சாப்பிட வந்துட்டாங்க. அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும்க்கா. ஒருத்தனும் அத மூட மாட்டான், சொல்லி வெச்சிருக்கேன்.”

பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற மாதிரி, ஆளில்லாத அறைகளில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். யாரும் பார்க்காத இடங்களிலெல்லாம் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. பார்க்க வேண்டியவர் வாசலுக்கு வெளியே நின்றார். இவள் சொன்ன சொல்லால்தான் இது என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை முட்டியது. அழவும் நேரமில்லை. மேடையிலிருந்து தாலித்தட்டு இறங்கி, ஆசீர்வாதத்துக்காக வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது. அது ஒரு சுற்று முடித்துத் திரும்பினால் தாலிதான். சென்னைக்கு அடித்தாள்; மணி போய்க்கொண்டே இருந்தது, ஞாயிற்றுக்கிழமை.

ஒரே ஒரு வழி தெரிந்தது. ஒளிபரப்பை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எல்லோரும் வெளியே விழுவார்கள். உடனே அதே பெயரில் தொடங்கினால் அந்த ஆளில்லாத கம்ப்யூட்டர்களே முந்திக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். வேறு பெயர் வைத்துத் தொடங்கி, அந்தப் பெயரை ஒரே ஒருவருக்கு மட்டும் சொன்னால்? ஊர்ப் பிள்ளைகளோடு, உள்ளே இருக்கிற பிரான்ஸ் சொந்தங்களும் வெளியே நிற்பார்கள். நாளைக்கு ஆளுக்கு ஒரு வார்த்தை கேட்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஓடுகிற ஒன்றை வேண்டுமென்று நிறுத்தியது அவள் ஆயுளிலேயே கிடையாது. நிறுத்தியது மறுபடி எழுந்திருக்காமல் போனால், இந்த மண்டபத்தில் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? அமுதவல்லியைக் கேட்கலாம் என்று நிமிர்ந்தாள். அமுதவல்லி மேடையில், மகளுக்குப் பின்னால், கையில் விளக்கோடு நின்றாள்.

தாலித்தட்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டது. தேவிப்பிரியா கண்ணை இறுக மூடித் திறந்து, நிறுத்தினாள்.

சாப்பாட்டு ஹாலிலிருந்து ஓ என்று ஒரு கூச்சல் எழுந்தது. புதுப் பெயர் கேட்டு வெற்றுக் கட்டம் நின்றது. யோசிக்க ஒன்றும் வரவில்லை. வந்ததை அடித்துத் தொடங்கினாள்.

“பிரேம், அட்ரஸ்ல கடைசில இருக்கிற பேர எடுத்துட்டு வேற அடி. நான் சொல்றத மட்டும் அடி.”

“இன்னா பேருக்கா?”

“அப்பா. அப்பான்னு அடி.”

போனில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. “வட்டம் சுத்துதுக்கா,” என்றான் பிரேம்குமார். “இன்னும் சுத்துது. ஒண்ணும் வரலக்கா.”

மேடையில் ஐயர் கையை உயர்த்தினார். தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக வெடித்தன. கெட்டிமேளத்தில் போனில் அவன் சொன்னது எதுவும் கேட்கவில்லை. ஆனந்தராஜ் குனிந்து முடிச்சுப் போட்டார். நாலாபக்கமும் அட்சதை பறந்தது. ஒரு பிடி அவள் கீபோர்டின் மேலேயே விழுந்தது. மேளம் அடங்கியது. ஜனங்கள் எழுந்து கைகுலுக்க மேடைப்பக்கம் நகர்ந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது. தேவிப்பிரியா நாற்காலியில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மனுஷன் தலைக்குக் குளித்துவிட்டு, வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவளால் நினைக்கவே முடியவில்லை.

மேடையை விட்டு இறங்கி அமுதவல்லி நேராக இவளிடம்தான் வந்தாள். “பாத்தாரா? பிரியா, பாத்தாராடி?”

தேவிப்பிரியா செல்போனை அவளிடம் நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. போனுக்குள்ளிருந்து மேளச்சத்தம் வந்துகொண்டிருந்தது. மண்டபத்து மேளக்காரர்கள் தவிலைக் கீழே வைத்துவிட்டு வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்கள். போனுக்குள் இப்போதுதான் கெட்டிமேளம் கொட்டியது. இங்கே எடுக்கிற படம் சர்வருக்குப் போய், அங்கே கொஞ்சம் தேங்கி, அப்புறம்தான் அந்த நாட்டுக்குப் போய்ச் சேரும். அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பயத்தில் அவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

அமுதவல்லி போனைக் காதில் வைத்தாள். கோவிந்தசாமியின் குரல் பக்கத்தில் நின்ற தேவிப்பிரியாவுக்கும் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு, சந்தோஷத்தில் கத்தினார்.

“அமுதா! தாலி ஏறிடுச்சுடி! நம்ம பாப்பாவுக்குத் தாலி ஏறிடுச்சு!”

கையிலும் தலையிலும் அட்சதை ஒட்டியிருக்க, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, அமுதவல்லி கேட்டாள்.

“ஏறிடுச்சாங்க?”