"இது என் கஞ்சி இல்ல சாமி" என்று சொன்ன குப்பம்மாள்

இதை எழுதும் நான், வே. சதாசிவம், வழக்கறிஞர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவன், தற்போது போளூரில் வசிப்பவன், முழு நினைவுடன் தெரிவிப்பது யாதெனில்: ஜவ்வாது மலையைச் சேர்ந்த குப்பம்மாள் நேற்று காலை காலமானார்.

போனில் சொன்னவர் என் பழைய குமாஸ்தா நசீர். "சார், நம்ம குப்பம்மா போய்ட்டாங்க சார்..."

உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவருடைய மகளின் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. மதுவிலக்கு அமலில் இருந்தது. நான் தொழிலுக்கு வந்து இரண்டாவது ஆண்டு.

குப்பம்மாளின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பானை சுண்டக்கஞ்சி எடுத்ததாக வழக்கு. சாமையை வேகவைத்து, பானையில் புளிக்க விட்டு வடிக்கும் பானம் அது. மலையில் திருவிழாவுக்கும் அறுப்புக்கும் பல வீடுகளில் இருக்கும். சட்டத்தின் பார்வையில் அதுவும் மதுவே.

அவர் கணவர் குடகில் காபித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் இரண்டு குழந்தைகள், ஒன்று கைக்குழந்தை. தண்டனை என்றால் அதைத் தூக்கிக்கொண்டுதான் சிறைக்குப் போகவேண்டும்...

நான் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றே ஒன்று. எது கேட்டாலும் "எனக்குத் தெரியாது."

"அத்த மட்டும் சொன்னா போதுமாங்க?"

"அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதும்மா."

வழக்கு நடந்த ஊரையும் காவல் நிலையத்தையும் நான் குறிப்பிடப் போவதில்லை. சம்பந்தப்பட்ட பலர் இன்று மறுப்புச் சொல்ல உயிருடன் இல்லை.

அப்போதெல்லாம் இவ்வகை வழக்குகள் விரைவில் விசாரணைக்கு வந்துவிடும். அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும் மாஜிஸ்திரேட், பானையிலிருந்து மாதிரிக்கு எடுத்த பாட்டிலைத் திறந்து காட்டச் சொன்னார்.

"உன் வீட்ல எடுத்ததுன்னு சொல்றாங்க. நீ என்னம்மா சொல்ற?"

குப்பம்மாள் கூண்டிலிருந்து குனிந்து முகர்ந்தார்.

"இது என் கஞ்சி இல்ல சாமி. இது கேவுரு. நான் சாமையிலதான் போடுவேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "போடுவேன்"... என் வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் போயிற்று.

கோர்ட்டே சிரித்தது. பானையை எடுத்த ஏட்டு மட்டும் முறைத்தார். "எல்லாம் ஒரே புளிச்ச தண்ணிதாங்கய்யா."

குப்பம்மாளுக்கு வந்ததே கோபம்!

"இன்னா ஏட்டய்யா, ஒரே தண்ணியா? சாமை மொதல்ல இனிக்கும், பொறவு நாக்கு நுனியில சுருசுருன்னு ஏறும். கேவுரு அப்டியா? வறுத்த வாசம் அடிக்கும், தொண்டையில லேசா கசக்கும். அடியில பாருங்க சாமி, செவப்பா நிக்குது. சாமைன்னா வெள்ளையா இல்ல நிக்கணும்?"

மாஜிஸ்திரேட் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் கேழ்வரகின் சிவப்பு வண்டல். பிறகு பறிமுதல் மகஜரைப் புரட்டினார். "சாமைக் கஞ்சி, பானை ஒன்று" என்று ஏட்டின் கையெழுத்திலேயே இருந்தது.

நிலையத்தில் வேறு பானைகளும் இருந்திருக்கின்றன. எங்கோ மாறிவிட்டது. பறிமுதலான பொருளும் கோர்ட்டுக்கு வந்த பொருளும் ஒன்றல்ல என்று நான் எழுந்து வாதிட்டேன். எழுவதற்குச் சற்றுத் தாமதமானது என்பதையும் பதிவு செய்கிறேன்.

விடுதலை.

வாசலுக்கு வந்ததும் நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "அந்தக் கேவுரு யாரு போட்டதுன்னு தெரியணுமே வக்கீலய்யா... நல்ல கைங்க அது" என்றார்.

அறுப்பு முடிந்தபின் நானும் நசீரும் மலைக்குப் போயிருந்தோம். எனக்கு எந்தக் குடியும் பிடிக்காது என்று முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவைத்தேன்.

"எதுன்னு பாக்காம புடிக்காதுன்னா எப்டிங்க? மோரு இனிப்பா வேணுமா, புளிச்சு வேணுமா?"

"லேசா புளிச்சா போதும்."

"காபி?"

"கசப்பா."

"ஊறுகா மாங்காவா, நார்த்தங்காவா?"

"நார்த்தங்காய்."

குறுக்கு விசாரணையில் நான்கூட அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

நசீர் விடவில்லை. "எனக்குக் கேள்வியே இல்லையாம்மா?"

"பாய், உங்க மூஞ்சியிலயே மோருன்னு எழுதி இருக்குது." அவருக்கு ஒரு சொம்பு மோர் வந்தது.

என் முன்னால் மூன்று கொட்டாங்குச்சிகள். "மொதல்ல மோந்து பாருங்க. பொறவு நாக்குல கொஞ்சம் நிறுத்துங்க. மருந்து மாதிரி முழுங்காதீங்க."

முதலாவது, சாமை, இரண்டாம் நாள் வடித்தது. பாயசத்தின் நினைவு வந்தது, அவ்வளவே. அடுத்தது, அதே சாமை, நான்காம் நாள். புளிப்பு தாடை வரை இழுத்தது.

மூன்றாவது... தீய்ந்த அடிசோற்றின் வாசனை, நடுவில் மெல்லிய புளிப்பு, கடைசியில் நார்த்தங்காயின் கசப்பு. சட்டம் அதைத் தடை செய்திருந்த காலம் என்பதால் குடித்தேன் என்று எழுதமாட்டேன். நாவில் நிறுத்தினேன். சற்று நேரம் நிறுத்தினேன்.

"இதுதான் உங்களுது" என்றார் குப்பம்மாள். "ஆனா நான் போட்டது இல்ல. பக்கத்து ஊரு பொம்பளை போட்ட கேவுரு. கோர்ட்ல வந்துச்சே, அதே கை. தேடிக் கண்டுபுட்ச்சிட்டேன்."

தன்னுடையதை விட இன்னொருத்தியின் கஞ்சி எனக்குப் பிடித்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தார். ஏறும்போது கேட்டார்: "இன்னா வக்கீலய்யா, நெசத்த சொல்லி ஜெயிச்சது இதான் மொத தபாவா?"

நசீர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஏறிக்கொண்டேன். பஸ் புறப்பட்டுவிட்டது.

ஆமாம் குப்பம்மா. அதுதான் முதல் தபா.

போய் வாருங்கள்...

(ஒப்பம்)
வே. சதாசிவம்

சாட்சிகள்:
1. நசீர், குமாஸ்தா
2. செல்வி, குப்பம்மாளின் மகள்