வெள்ளை பேண்ட்டில் திருப்பூர் போன லட்சணம்

2007 மே மாதம், போன ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லிலிருந்து திருப்பூருக்கு ஒருநாள் பயணம். ஊர் பார்க்க அல்ல, நான் காதலிக்கும் மரகதத்தின் அப்பாவிடம் பெண் கேட்க. அவர் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் சூப்பர்வைசர். "எங்கப்பா மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னால துணியத்தானுங்க பாப்பாரு" என்று அவள் எச்சரித்திருந்தாள். அதற்காகவே மெனக்கெட்டு, 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி' என்று கடைக்காரன் சத்தியம் செய்த சிவப்பு டீ-ஷர்ட்டை 450 ரூபாய்க்கு வாங்கினேன். கீழே வெள்ளை பேண்ட். தலையில் அரை டப்பா ஜெல். இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

காலை ஆறரை பஸ், டிக்கெட் 38 ரூபாய், ஏறக்குறைய 120 கிலோமீட்டர். தாராபுரம் தாண்டியதும் வலதுபக்க ஜன்னலில் வெயில் சுட்டெரித்து, டீ-ஷர்ட் வியர்வையில் ஊறியது. பத்து மணிக்குத் திருப்பூரில் சீட்டை விட்டு எழுந்தால், பேண்ட்டில் இடுப்பைச் சுற்றி ஒரே சிவப்பு.

"ஏனுங்க, எங்காச்சும் அடிகிடி பட்டுருச்சுங்களா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல, ஃபேஷன்!" என்று எரிந்து விழுந்தேன்.

அங்கிருந்து மரகதத்தின் வீட்டுக்கு டவுன் பஸ், 8 கிலோமீட்டர், 4 ரூபாய். பனியன் தைத்தே பிழைக்கும் இந்த ஊரில் ஒருவர் போட்டிருக்கும் துணியை இன்னொருவரால் சும்மா விட முடியாது. பக்கத்து சீட்டுப் பெரியவர் கேட்காமலேயே என் டீ-ஷர்ட்டின் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்தார். "சாயம் நிக்கலீங்களே. எங்கீங்க ஏமாந்தீங்க?" பின்சீட்டுக்காரர் காலரை இழுத்துப் பார்த்தார். நான் என்ன கடை வாசல் பொம்மையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரகதத்தின் அப்பா "வாங்க தம்பி" என்றார். பார்வை என் முகத்துக்கு வரவே இல்லை. ஈரக் கைக்குட்டையால் என் தோளில் ஒரு தேய். கைக்குட்டை சிவந்தது. கழித்த சரக்கு என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் பாதி வெட்டியிருந்த லேபிளைப் பார்த்ததும் அவர் முகமும் சிவந்தது.

"இந்த லாட்டத் தள்ளுனதே நானுங்க! சாயம் போவுதுன்னு ரிஜெக்ட் போட்டனே, எவன் கொண்டுபோய் வித்தது? என்ன வெல குடுத்தீங்க?"

"நானூத்தம்பதுங்க."

"நானூத்தம்பதா! கட்டையில போறவன்!"

அரைமணி நேரம் இருவரும் சேர்ந்து அந்தக் கடைக்காரனைத் திட்டித் தீர்த்தோம். உள்ளே மரகதம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். பீரோ கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். ஜெல் உருகி நெற்றியில் வழிய, இடுப்பில் சிவப்பு வளையத்தோடு ஒரு கோமாளி. அவ்வளவு கோபத்திலும் குபீரென்று சிரித்துவிட்டேன். அவரும் அடக்கவில்லை.

தன் வேட்டி, சட்டையைக் கொடுத்து மாற்றச் சொன்னார். கிளம்பும்வரை பெண் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாசலில் நின்று, "வேட்டிய எப்ப கொண்டுவந்து தரட்டுங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்பா அம்மாவக் கூட்டிட்டு வாரப்பக் கொண்டாந்தாப் போதுமுங்க தம்பி."

போகிறவர்களுக்கு: இடதுபக்க சீட்டைப் பிடியுங்கள். புதுத்துணியை ஒருமுறை துவைக்காமல் போடாதீர்கள். வெள்ளை பேண்ட் வேண்டவே வேண்டாம். வேட்டியைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு அதே ஆறரை பஸ், இந்தமுறை மூன்று டிக்கெட்.