அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கங்கள்

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் ஊர்காவற்றுறைத் தீவில், ஆட்கள் வந்து வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் ஒரு கொமினிக்கேசன் கடையில் வேலை செய்தேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முதலாளி யாழ்ப்பாணத்தில் இருந்ததால் கடை முழுவதும் என் பொறுப்பு. எங்கே பிழை விட்டுவிடுவேனோ என்று ஒவ்வொரு கணக்கையும் இரண்டு தரம் கூட்டிப் பார்ப்பேன்.

வெளிநாட்டுக் காசு எங்களிடம் கனடாவில் இருந்த ஒரு முகவர் வழியாக வந்தது. அங்கிருந்த எங்கள் தீவு ஆட்கள் தங்கள் கடன் அட்டை இலக்கங்களை அவரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். மாதம் பிறந்ததும் அவரே அட்டைகளிலிருந்து காசை எடுத்துக்கொண்டு, எனக்குத் தொலைபேசியில் பெயர்களை வாசிப்பார். நான் உரியவர்களிடம் கொடுப்பேன்.

வெறும் காசை நீட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. "சுகமாம்" என்று ஒரு சொல் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். முகவர் வாசிக்கும் பட்டியலில் அப்படி ஒன்றும் இருக்காது. காசு வந்தால் ஆளும் சுகம்தானே என்று நானாகவே சொல்லிவிடுவேன்.

பக்கத்து ஊரான சரவணையிலிருந்து ஓர் அக்கா வருவார். அவருடைய கணவர் கனடாவில் வீடு மாறிய பிறகு புது எண் தரவில்லை, கடிதமும் போடவில்லை. காசு மட்டும் தவறாமல் வந்தது.

"என்னவாம், பிள்ளை?" என்று கேட்பார்.

"சுகமாம் அக்கா."

அதைக் கேட்ட பிறகுதான் கையை நீட்டுவார். இரண்டு வருடம் இப்படியே போனது.

பிறகு அட்டைக் கம்பனிகள் விதியை மாற்றின. அட்டையின் பின்புறத்தில் இருக்கும் மூன்று இலக்கங்களை இடையில் நிற்கும் முகவர்கள் எழுதி வைத்திருக்கக் கூடாது. சொந்தக்காரரே ஒவ்வொரு முறையும் பேசி அவற்றைச் சொல்ல வேண்டும் என்று வந்துவிட்டது. அந்த மாதம் முகவர் வாசித்த பட்டியலில் எல்லாப் பெயரும் இருந்தது, அக்காவின் பெயரைத் தவிர.

"அண்ணை, சரவணை அக்காவின்ரை மனிசன் ஒன்றும் சொல்லேல்லையோ?"

"நான் அந்தாளின்ரை குரலைக் கேட்டே ரெண்டு வருசம், தங்கச்சி."

"அப்ப காசு?"

"அட்டை வேலை செய்தது, எடுத்தனான். ஆள் இருக்கிறாரோ எண்டு அட்டை சொல்லுமோ? உமக்கு எட்டாம் வகுப்பு, கேள்வி மட்டும் கோட்டிலை லோயர் கேக்கிற கேள்வி."

அவரிடமிருந்த பழைய எண்ணை வாங்கி அழைத்தேன். மணி அடித்தது; யாரும் எடுக்கவில்லை. யாரோ அதே அறையில் இருந்துகொண்டு, அது அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல எனக்குப் பட்டது. தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அக்கா வந்தபோது உண்மையைச் சொன்னேன். காசு வரவில்லை என்றதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. நான் சொல்லிவந்த 'சுகமாம்' நானாகவே சேர்த்தது என்றதும் கதிரையில் இருந்துவிட்டார்.

"அப்ப ரெண்டு வருசமா ஆரடி சுகமா இருந்தது?"

பத்து நாள் கழித்து முகவர் அழைத்தார். அக்காவின் காசு வந்துவிட்டதாம்.

"அவரே கதைச்சவர்?"

"ஒரு ஆம்பிளைக் குரல். மூண்டு இலக்கத்தையும் சரியாச் சொன்னது. வீட்டுக்கு ஏதும் சொல்லவோ எண்டு கேட்டனான். ஒரு சத்தமும் இல்லை. மூச்சுக்கூடக் கேக்கேல்லை. பிறகு வைச்சிட்டுது."

அவர் 'சொன்னவர்' என்று சொல்லாமல் 'சொன்னது', 'வைச்சிட்டுது' என்றுதான் சொன்னார். நான் அதைத் திருத்தவில்லை.

அக்காவுக்கு அதை அப்படியே சொன்னேன். அவர் காசைத் தொடவில்லை.

"திருப்பி அனுப்பிவிடு."

"அக்கா, பிள்ளையளின்ரை சாப்பாட்டுக்கு..."

"பனங்கிழங்கு அவிச்சுக் குடுப்பன். அனுப்பின காசு திரும்பி வந்தால், மனிசனெண்டால் ஏனெண்டு கேப்பான். கேக்கட்டும்."

முகவர் திட்டித் திட்டி அந்தக் காசை அட்டைக்கே திருப்பிப் போட்டார். அடுத்த மாதமும் அதே குரல் வந்து மூன்று இலக்கங்களைச் சொன்னது. காசு வந்தது; திருப்பி அனுப்பினோம். அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அட்டை அதைப் பேசாமல் வாங்கிக்கொண்டது. போன காசு ஏன் திரும்பி வருகிறது என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நான் முதலில் வாசலைப் பார்க்கத் தொடங்கினேன். ஏன் வாசலைப் பார்த்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நான்காவது மாதம் அக்கா வந்தார். இளைத்திருந்தார்.

"இந்த முறையும் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை அக்கா."

"சரி. கொண்டா, எடுக்கிறன்."

புது விதியோடு ஒரு படிவமும் வந்திருந்தது. காசு அனுப்புகிறவர் வாங்குகிறவருக்கு என்ன உறவு என்று அதில் எழுத வேண்டும். கணவர் என்று எழுத நான் 'க' போட்டேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"வெறுமையா விடு."

"விட ஏலாது அக்கா. முகவர் வாங்கமாட்டார்."

"அப்ப தெரிஞ்சவர் எண்டு எழுது."

எழுதினேன். அக்கா அதைக் குனிந்து ஒருமுறை வாசித்தார். பிறகு, என்னவாம் என்று கேட்காமல், கையெழுத்து வைத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.